மூன்றாம் கேள்விக்கு அவசரம் வேண்டாம்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனாவுக்கு,

சித்தி எழுதுவது. போனில் பேசினால் அழுகை வந்துவிடும் என்று நீ எழுதியிருந்ததால் நானும் கடிதத்திலேயே பதில் சொல்கிறேன். இது நீளமாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டியதில்லை.

நீ எழுதியிருப்பதை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் செமினாரில் பாதியில் உனக்குக் குரல் நின்றுபோனது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு செமினார் உள்ள நாட்களில் வயிற்றுவலி என்று சொல்லி ஹாஸ்டலிலேயே இருந்துவிடுகிறாய். ஓர் இரவு நெஞ்சு படபடத்து, விரல் நுனியெல்லாம் மரத்து, செத்துப்போய்விடுவோம் என்று பயந்திருக்கிறாய். பிறகு பதற்றக் கோளாறுகள் பாடத்தை வாசித்துவிட்டு அதில் இருப்பதெல்லாம் உனக்கு இருப்பதாக முடிவு செய்தாய். போனில் ஏதோ ஓர் ஆளுமைச் சோதனை நான்கு எழுத்தில் ஒரு பெயரும் கொடுத்துவிட்டது. கடைசியில், "நான் இன்ட்ரோவெர்ட், என் சுபாவமே இப்படித்தான், மனுஷங்களோட பேசுற வேலைக்கு நான் லாயக்கில்லை, கணக்குக்கு மாறிடறேன் சித்தி" என்று முடித்திருக்கிறாய்.

உனக்கு இந்த செமஸ்டரில் இருக்கும் மூன்று உளவியல் பாடங்களும் மூன்று தனித்தனிக் கேள்விகளைக் கேட்கின்றன. பதற்றம் பற்றிய பாடம், பயப்படும்போது உடம்பிலும் மனதிலும் என்ன நடக்கிறது என்று கேட்கிறது. சமூக நடத்தை பற்றியது, சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போது ஒருவர் எப்படி மாறுகிறார் என்று கேட்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஓரளவு மாறாமல் தொடர்ந்து வரும் 'நான்' எது என்பது ஆளுமைப் பாடத்தின் கேள்வி. முதல் இரண்டு கேள்விகளுக்கு உரிய சாட்சிகளைக் கொண்டுபோய் நீ மூன்றாம் கேள்விக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறாய். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. ஆபத்து என்று மூளை கணித்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, கைகால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது, செரிமானம் பின்னுக்குப் போகிறது. எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தயாராகிற இந்த ஏற்பாட்டை ஹார்வர்டில் இருந்த வால்டர் கேனன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார். எதிரில் வருவது பாம்பா, மதிப்பெண் போடும் பேராசிரியரா என்று அந்த ஏற்பாடு பிரித்துப் பார்ப்பதில்லை. அன்று இரவு உனக்கு நடந்ததும் அதுதான். மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் மரத்துப்போகும், தலை சுற்றும். அதைப் பார்த்து, "எனக்கு ஏதோ ஆகப்போகிறது" என்று பயந்தால் படபடப்பு இன்னும் ஏறும். ஏறிய படபடப்பு அந்தப் பயத்துக்குச் சாட்சி சொல்லும். பீதித் தாக்கம் இப்படித்தான் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்று 1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் எழுதினார். அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாகவே இறங்கும். இருந்தாலும், முதல் தடவை இப்படி வந்திருக்கிறது என்பதால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடு. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். கண் விழித்துப் படிக்கக் காபி குடித்துக்கொண்டே இருந்தாலும் படபடக்கும். அவற்றை முதலில் விலக்கிவிட வேண்டும்.

அடுத்தது, பயம் எப்போது நோயாகிறது என்பது. பதற்றமே இல்லாத மனுஷி ஒழுங்காகப் பரீட்சைக்குப் படிக்கமாட்டாள். யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்த வளைகோடு உன் புத்தகத்தில் இருக்கும். கடினமான வேலையில், தூண்டுதல் குறைந்தாலும் கற்றல் மந்தமாகிறது, அளவு மீறினாலும் கெடுகிறது, நடுவில் இருக்கும்போதுதான் நன்றாக நடக்கிறது என்பதே அதன் சாரம். கோளாறு என்று சொல்ல, பயம் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும், நீண்ட நாள் நீடிக்க வேண்டும், படிப்பையோ வேலையையோ உறவையோ முடக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி, பொதுப் பதற்றக் கோளாறுக்கும் சமூகப் பதற்றக் கோளாறுக்கும் ஆறு மாத காலம் கணக்கு. பீதிக் கோளாறு என்றால், ஒரு தாக்கம் வந்துபோனது மட்டும் போதாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வர வேண்டும், இன்னொன்று வந்துவிடுமோ என்ற கவலையோ அதற்காக நடத்தையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது தொடர வேண்டும். உனக்கு இது தொடங்கியே சில வாரங்கள்தான் ஆகின்றன. ஆகவே பாடத்தில் உள்ள அத்தனை பெயரும் உனக்குப் பொருந்தாது. அதே சமயம், ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். நீ வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஏன் என்று சொல்ல இரண்டு குழந்தைகளின் கதையைச் சொல்ல வேண்டும். 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் என்று பெயரிட்ட ஒரு கைக்குழந்தைக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளை எலியை அந்தப் பிள்ளை தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளிலேயே எலியைக் கண்டால் பிள்ளை அழத் தொடங்கியது. பிறகு முயலைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே பிள்ளையை விட்டுவிட்டார்கள். இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது.

இந்தக் கதையைப் படிக்கும் அளவுக்கு மாணவர்கள் அடுத்த கதையைப் படிப்பதில்லை. ரோசலியின் தோழி மேரி கவர் ஜோன்ஸ், 1924இல் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டருக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. முயலைக் கண்டால் அப்படி ஒரு பயம். ஜோன்ஸ் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். நாளாக ஆக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத வேறு பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார். நடுவில் பயம் திரும்பி வந்த நாட்களும் உண்டு. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். 1950களில் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்பி இந்த வழியை ஒழுங்கான சிகிச்சையாக வளர்த்தார். பயத்துக்கு இன்று நாம் செய்யும் நடத்தைச் சிகிச்சையின் வேர் அங்கே இருக்கிறது.

இனி உன் வயிற்றுவலிக்கு வருகிறேன். பயம் ஒட்டிக்கொள்வது ஒரு விதத்தில் நடக்கிறது, அது நிலைத்துவிடுவது இன்னொரு விதத்தில் நடக்கிறது என்று 1947இல் மௌரர் என்பவர் எழுதினார். செமினார் அன்று அறையிலேயே படுத்துவிட்டால், "அப்பாடா" என்று ஒரு நிம்மதி வருகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் தவிர்ப்பதற்குக் கிடைக்கும் கூலி. கூலி கிடைக்கிற காரியத்தை மனசு மறுபடியும் செய்யும். கூடவே, போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடுகிறது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒப்பித்துவிட்டு ஓடிவருவதும் பாதித் தவிர்ப்புதான். "தாள் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனசு அதில் கற்றுக்கொள்ளும். பயம் சில வாரங்களில் பெரிதானது உன் சுபாவத்தால் என்று நீ நினைக்கிறாய். ஒவ்வொரு தடவை ஹாஸ்டலில் தங்கும்போதும் நீயே அதற்குச் சோறு போட்டாய் என்று நான் சொல்வேன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் போடுவதை நிறுத்தலாம்.

இரண்டாவது கேள்வி, உன் வகுப்பறை. இரண்டு பேர் சிரித்தார்கள், நாற்பது பேர் பேசாமல் இருந்தார்கள், எனவே வகுப்பே உன்னை இளப்பமாகப் பார்க்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த நாற்பது பேரைப் பற்றி உன் பாடம் என்ன சொல்கிறது என்று பார்.

லட்டானே, டார்லி இருவரும் 1968இல் மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்கியது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். எதுவும் நடக்காததுபோல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இரண்டு பேரைக் கூட உட்காரவைத்தபோது, பத்துப் பேரில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டபோது, அது நீராவி என்றும் ஏசியிலிருந்து வருவது என்றும் சொன்னார்கள். அடுத்தவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, "பேசவேண்டிய விஷயம் இல்லைபோல" என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறார்கள். உன் வகுப்பிலும் அந்த நாற்பது பேரில் பலர் உனக்காகச் சங்கடப்பட்டிருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். அந்த மௌனம் உன்னைப் பற்றிச் சொல்வதைவிடக் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இந்த இடத்தில் பரீட்சைக்கும் ஒரு வார்த்தை. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனவீஸ் கொலையை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையையும் இன்று ஆராய்ச்சியாளர்கள் கடுமையாகக் குறை சொல்கிறார்கள். இரண்டையும் எழுதும்போது இதையும் சேர்த்து எழுது.

ஆஷ் என்பவரின் கோட்டுச் சோதனையை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள். எந்தக் கோடு எதற்குச் சமம் என்று கண்ணாலே தெரியும் கேள்விக்கு, சுற்றியிருந்த எல்லோரும் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகின. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது வளைந்துகொடுத்தார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்த வளைதல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒற்றைத் துணைக்கு அவ்வளவு பலம். உனக்கு ஒரு துணை வேண்டும் என்று நான் பின்னால் சொல்லப்போவது இதனால்தான்.

இன்னொன்று. எல்லோரும் உன்னையே பார்ப்பதாகவும், உன் கை நடுங்கியது கடைசி பெஞ்சு வரை தெரிந்ததாகவும் நினைக்கிறாய். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய மாணவர்களும் ஒரு மாணவருக்குக் கூச்சம் தரக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட டீ சர்ட்டை மாட்டிவிட்டு, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் கணித்தார்கள். உண்மையில் நான்கில் ஒருவர்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. 2003இல் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் மேடையில் பேச வந்தவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உள்ளே இருக்கும் படபடப்பு வெளியே நாம் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை என்று சிலருக்கு முன்கூட்டியே விளக்கினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகவும் நிதானமாகவும் பேசினார்கள். பதறாதே என்று சொல்வதால் யாருக்கும் எதுவும் நடப்பதில்லை. உன் பதற்றம் அவ்வளவாக வெளியே தெரியாது என்ற உண்மையைச் சொன்னால் நடக்கிறது. உனக்கும் அதைச் சொல்லிவிட்டேன்.

கூட்டம் எல்லாரையும் ஒரே மாதிரி கெடுப்பதும் இல்லை. நன்றாகப் பழகிய வேலையைப் பார்வையாளர்கள் முன்னால் இன்னும் நன்றாகச் செய்கிறோம், பழகாத வேலையில் இன்னும் தடுமாறுகிறோம் என்று 1965இல் ஸாயன்ஸ் சொன்னார். முதல் செமினாரில் தடுமாறினாய் என்றால் அது உனக்குப் பழகாத வேலை என்று பொருள். அதற்கு மேல் அதில் எதையும் படிக்காதே.

கேள்வி கேட்டே உன்னைத் திணறவைத்த அந்த சீனியர் பெரிய அறிவாளி என்று வேறு எழுதியிருக்கிறாய். 1977இல் லீ ராஸும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்டில் செய்த விநாடி வினாச் சோதனையைத் திரும்பப் படி. யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்று குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்ததிலிருந்து கேள்வி தயார் செய்யலாம். பதில் சொல்பவர் திணறாமல் என்ன செய்வார்? ஆனாலும் பதில் சொன்னவர்கள், கேட்டவர்தான் தங்களைவிட அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். இடம் கொடுத்த வசதியை ஆளின் குணமாக எடுத்துக்கொண்டார்கள். சூழலைக் குறைத்துப் பார்த்து ஆளின் சுபாவத்தைக் கூட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு ராஸ் அடிப்படைக் காரணப் பிழை என்று பெயர் வைத்தார். சிரித்த இருவர் கெட்டவர்கள், சீனியர் அறிவாளி, நான் லாயக்கில்லாதவள் என்று நீ மூன்று தடவை அதைச் செய்திருக்கிறாய்.

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வை உன் புத்தகம் ஒரு வரியில் தாண்டியிருக்கலாம். ஜோன் மில்லர் என்பவர் 1984இல் மைசூரிலும் சிகாகோவிலும் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும், தெரிந்த ஒருவர் செய்த நல்லது, கெட்டதைச் சொல்லி அதற்குக் காரணமும் சொல்லச் சொன்னார். எட்டு வயதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வளர வளர, சிகாகோக்காரர்கள் ஆளின் குணத்தைக் காரணம் சொன்னார்கள், மைசூர்க்காரர்கள் அவரவர் நிலைமையையும் உறவையும் கடமையையும் காரணம் சொன்னார்கள். அடுத்தவர் தவறு செய்தால், "அவன் நிலைமை என்னவோ" என்று சொல்லும் வழக்கம் நம் ஆச்சியிடமும் உண்டு. ஊரில் எல்லாருக்கும் கொடுக்கும் அந்த நியாயத்தை நீ உனக்கும் கொடு.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அந்தப் போன் சோதனை உன்னை அப்படியே படம் பிடித்ததுபோல் இருந்தது என்றாய். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்துவிட்டு, தனித்தனியாக எழுதியதாகச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கு மேல் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்புதான், அதுவும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். யாருக்கும் பொருந்தும் வாக்கியம் நமக்கென்றே எழுதியதுபோல் தோன்றும். உன் நான்கு எழுத்துச் சோதனைக்கும் ஒரு பின்கதை உண்டு. 1921இல் வந்த யுங்கின் புத்தகத்தை வைத்து, காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கிய முறை அது. இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். சில வாரம் கழித்து அதே ஆள் அதே சோதனையைச் செய்தால் பலருக்கு வேறு பெயர் வருகிறது.

ஆளுமையை ஆராய்கிறவர்கள் மனிதர்களை ஜாடிகளில் பிரித்துப் போடுவதை விட்டு வெகுநாளாகிறது. 1936இல் ஆல்போர்ட்டும் ஆட்பெர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் சொற்களை ஏறத்தாழ 18,000 பொறுக்கி எடுத்தார்கள். அதிலிருந்து பலர் பல பத்தாண்டுகள் சலித்தெடுத்ததுதான் இன்றைய ஐந்து பண்புகள்: புதியதை நாடுவது, பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், உணர்ச்சித் தளம்பல். ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல். பெரும்பாலோர் அதன் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள். இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், இந்தப் பண்புகளில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையோடு சேர்ந்தது என்கிறார்கள். உன்னில் பாதி எழுதிவைத்தது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டத்தின் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது, ஒற்றை ஆளைப் பற்றியது அல்ல. வயதாக ஆகப் பொறுப்புணர்வு கூடுவதும் உணர்ச்சித் தளம்பல் குறைவதும் பொதுவான போக்கு. ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளிலேயே புதியதைக் கண்டால் கைகால் உதறி அழும் ஒரு பகுதியினரைக் கண்டு, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார். கூச்சம் அவர்களுக்கு அதிகம் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் பயந்த பெரியவர்களாக வளரவில்லை.

உன் விஷயத்தில் இன்னும் முக்கியமானது வால்டர் மிஷல் எழுதியது. ஓர் இடத்தில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து இன்னோர் இடத்தில் எப்படி நடப்பார் என்று கணிப்பது எவ்வளவு பலவீனமானது என்று 1968இல் காட்டி, ஆளுமைத் துறையையே அவர் உலுக்கினார். பிறகு ஷோடாவுடன் சேர்ந்து ஒரு கோடைக்கால முகாமில் பிள்ளைகளைக் கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. ஒரு பிள்ளை சக பிள்ளைகள் சீண்டினால் சண்டைக்குப் போகும், பெரியவர்கள் கண்டித்தால் அடங்கும். இன்னொரு பிள்ளை நேர்மாறு. "இன்ன நிலைமையில் இன்னபடி" என்ற அந்த ஒழுங்குதான் அந்தப் பிள்ளையின் கையெழுத்து. உன் கையெழுத்தை எனக்குத் தெரியும். ஆச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரை நிறுத்திவைத்துக் கேட்கவேண்டிய கேள்வியெல்லாம் கேட்டவள் நீ. தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது உன் குரல் எதிர்வீடு வரை கேட்கும். மதிப்பெண் போடும் ஆட்கள் முன்னால் புதிய விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் தடுமாறுகிறாய். இது "பேசத் தெரியாதவளின்" கையெழுத்து இல்லை.

கூச்சப் பயத்தையும் உள்முகத்தையும் பிரித்துப் பார்க்க நான் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். கூட்டத்திலிருந்து வந்த பிறகு, "தனியாக இருப்பது நன்றாக இருக்கிறது" என்று தோன்றுகிறதா, "பேசியிருக்கலாமே" என்று ஏக்கமாக இருக்கிறதா? முதலாவது விருப்பம், அதை யாரும் திருத்தவேண்டியதில்லை. இரண்டாவது பயம், அதற்கு வழி இருக்கிறது. நீ எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் ஏக்கம்தான் இருக்கிறது, மீனா.

மனிதரோடு பேசும் வேலைக்குப் பயந்தவர்கள் லாயக்கில்லை என்றால் ஆல்பர்ட் எல்லிஸ் வந்திருக்கவே முடியாது. பகுத்தறிவு சார்ந்த சிகிச்சை முறையை 1950களில் தொடங்கியவர் அவர். இளம்வயதில் மேடையில் பேசப் பயம், பெண்களிடம் பேசப் பயம். 19 வயதில் நியூயார்க்கின் தாவரவியல் பூங்காவில், ஒரு மாதம், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கத் தன்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பலர் எழுந்து போய்விட்டார்கள், அதனால் தனக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை என்பதுதான் அவர் கற்றுக்கொண்டது. மேடைப் பயத்தையும் பேசிப் பேசியே போக்கிக்கொண்டார்.

நீ இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உன் ரூம்மேட் ஒருத்திதான் உன்னோடு அன்று சாப்பிட வந்தாள் என்று எழுதியிருந்தாய். அவள்தான் உன் துணை. இந்த வாரம் ஐந்து நிமிடப் பகுதி ஒன்றை அவளுக்கு மட்டும் சொல்லிக் காட்டு. அடுத்து அவளோடு இன்னும் இரண்டு மூன்று பேருக்கு. பிறகு காலி வகுப்பறையில் நின்று, பிறகு வகுப்பில் எழுந்து ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பிறகு செமினார். ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறும், அது இறங்கும்வரை அங்கேயே நில். இறங்காவிட்டாலும் சொல்லவந்ததைச் சொல்லி முடி. நீ பயந்தது நடந்ததா என்று பிறகு எழுதிவை. பழைய பயம் அழிந்துபோவதில்லை, அதன் பக்கத்தில் புதிய பாடம் ஒன்று உட்காருகிறது. அதனால் சில நாள் பழையது தலைகாட்டும், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதே. உன் பேராசிரியரிடம் தனியாகப் போய், முதலில் சிறிய குழுவுக்குப் பேச அனுமதி கேள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். நானும் ஆசிரியைதான்.

இதைத் தனியாகச் செய்ய முடியாமல் போனாலோ, பீதித் தாக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் குலைந்தாலோ தாமதிக்காமல் உதவி தேடு. கல்லூரி ஆலோசகர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, யாராக இருந்தாலும் சரி. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை தேவை என்று மனநல மருத்துவர் சொன்னால் கூச்சப்படாமல் சாப்பிடு, சில மாத்திரைகள் சில வாரம் கழித்துத்தான் வேலை செய்யும், நீயாக நிறுத்தக் கூடாது. உன் விவரத்தை உன் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. உன் அப்பா, "தைரியமா இரு, அவ்வளவுதான்" என்பார். பாசத்தில் சொல்வதுதான். அவரிடமும் அக்காவிடமும் நான் பேசிக்கொள்கிறேன், நீ சரி என்றால் மட்டும்.

கணக்குக்கு மாறுவதைப் பற்றிக் கடைசியாக. கணக்கு பிடித்துப்போய் மாறுவதென்றால் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். ஓடிப்போவதற்காக மாறினால், அங்கேயும் ஒரு செமினார் வரும். அதனால் செமஸ்டர் முடியும்வரை அந்தப் படிவத்தை நிரப்பாதே. படிகளை ஏறிப் பார்த்துவிட்டு, எது பிடித்திருக்கிறது என்று அப்போது எனக்குச் சொல். நீ எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நான் உன் பக்கம்தான் இருப்பேன். "நான் யார்" என்ற கேள்விக்குப் பதினெட்டு வயதில் யாரும் பதில் எழுதி முடிப்பதில்லை. நீயும் எழுதி முடிக்காதே.

முதல் படி முடிந்ததும் ஒரு வரி எழுது. நன்றாக வந்தது என்றாலும் எழுது, உளறிக் கொட்டினேன் என்றாலும் எழுது.

மிகுந்த அன்புடன்,
உன் சித்தி